குதிரை விலகினதற்கு ஜொக்கிக்கு ஏன் தண்டனை?

வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டது இது. மெல்பேர்ணில் இருக்கும் அவருடைய மாமா 2019ஆம் ஆண்டு மெல்பேர்ண் கிண்ண ஓட்டத்தின் வீடியோவை அனுப்பியிருக்கிறார். இரண்டாவதாக வந்த குதிரையை நாலாம் இடத்துக்கு இறக்கிவிட்டார்கள். அதில் ஏறிய ஜொக்கிக்கும் தடை. "விலகினது குதிரை, தண்டனை மனிசனுக்கோ? இதை ஆர் தீர்மானிக்கிறது, எதை வைச்சுத் தீர்மானிக்கிறது? எங்கட மாட்டு வண்டிச் சவாரியிலயும் இப்பிடி ஒரு முறை இருந்தால் நல்லதெல்லோ?"

தம்பி, நீர் கேட்டதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. ஓட்டத்தின் முடிவை மாற்றுவதா இல்லையா என்பது ஒன்று. ஜொக்கி தன் கடமையைச் செய்தானா என்பது மற்றது. பந்தயத்தைக் கண்காணித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரிகளான ஸ்டுவர்ட்மார் இவை இரண்டையும் தனித்தனியாகவே விசாரிப்பார்கள். சட்டப் பிரிவும் வேறு, அளவுகோலும் வேறு. ஜொக்கி ஒன்றில் தப்பி மற்றதில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பது. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பந்தயம் பார்ப்பவர்களுக்குள் பாதிச் சண்டை வருகிறது.

நான் ஊரோடு வந்து சேர்வதற்கு முன்பு விக்டோரியாவில் ஒரு லாயத்தில் வேலை செய்தவன். பயிற்றுநருடன் ஸ்டுவர்ட்மாரின் அறைக்குள் போய் நின்று விசாரணைகளைக் கேட்டிருக்கிறேன். அதனால் அவுஸ்திரேலிய முறையைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன். நுவரெலியாவில் ஏப்ரலில் ஓடும் ஓட்டங்களுக்கும் கிண்டி, பெங்களூர் ஓட்டங்களுக்கும் அடிப்படை இதுதான். எல்லாமே ஆங்கிலேயர் விட்டுப்போன ஒரே வேரிலிருந்து வந்தவை.

இவ்வளவு கடுமை ஏன் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பந்தயக் குதிரை ஒன்று ஏறக்குறைய 500 கிலோ. ஓடும் வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர் அளவில். அதாவது ஒரு வினாடியில் 16, 17 மீற்றர். இப்படிப் பத்துப் பதினைந்து குதிரைகள் ஒன்றோடொன்று உரசாத குறையாக ஓடும்போது நடக்கக்கூடிய மிகப் பயங்கரமான காரியம், முன்னே ஓடும் குதிரையின் பின்னங்குளம்பில் பின்னே வரும் குதிரையின் முன்னங்குளம்பு தட்டுவது. முன்குதிரைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பின்குதிரைக்கு முன்னங்கால்கள் மடங்கிவிடும். அது தலைகுப்புற விழும். ஜொக்கி அதற்கு முன்னால் போய் விழுவான். பின்னால் வருகிற குதிரைகளுக்கு விலக நேரமிராது. ஜொக்கிமார் முள்ளந்தண்டு முறிந்து சக்கர நாற்காலியில் இருப்பதற்கும், சிலர் உயிரோடு இல்லாததற்கும் இந்த ஒரு தட்டுத்தான் பல வேளைகளில் காரணம்.

ஒரு ஜொக்கி தன் பாதையை விட்டு இன்னொரு குதிரைக்கு முன்னால் நகர்வதென்றால் போதிய இடைவெளி விட்டுத்தான் நகர வேண்டும். அவுஸ்திரேலியாவில் காலங்காலமாகச் சொல்லிக்கொடுப்பது இரண்டு குதிரை நீளம். ஒரு நீளம் இரண்டரை மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்தால் இரண்டு நீளம் ஐந்து மீற்றர்கூட இல்லை. அந்த வேகத்தில் அது ஒரு வினாடியின் மூன்றிலொரு பங்குகூட வராது. பின்னால் வருபவனுக்குக் கடிவாளத்தை இழுக்கக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். ஸ்டுவர்ட்மார் வீடியோவை நிறுத்தி நிறுத்தித் தேடுவதும் அந்த இடைவெளியைத்தான்.

அவுஸ்திரேலியச் சட்டத்தின் 131ஆம் விதி ஜொக்கியின் குற்றங்களை வரிசைப்படுத்துகிறது: கவனக்குறைவான சவாரி, அசட்டைத் துணிச்சலான சவாரி, முறைகேடான சவாரி, திறமையற்ற சவாரி, அடாவடியான சவாரி. நாள்தோறும் பதிவாவது முதலாவதுதான். கவனக்குறைவுக்கு மனதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. திறமையான ஒரு ஜொக்கி எடுத்திருக்க வேண்டிய நியாயமான முன்னெச்சரிக்கையை எடுக்கவில்லை, அதனால் இன்னொரு குதிரைக்கு இடைஞ்சல் வந்தது. இவ்வளவு போதும். "வேணுமெண்டு செய்யேல்லை" என்பது இங்கே பதிலாகாது. வேண்டுமென்று செய்திருந்தால் வழக்கே வேறு. 2022 செப்ரெம்பரில் பிரான்சின் சென் குளூ திடலில் கிறிஸ்ரோஃப் சூமியோன் என்ற ஜொக்கி ஓட்டத்தின் நடுவில் பக்கத்தில் வந்த ஜொக்கி றோசா றயனை முழங்கையால் இடித்துக் குதிரையிலிருந்து விழுத்தினார். கிடைத்தது 60 நாள் தடை. சாதாரணக் கவனக்குறைவுக்குக் கிடைப்பது சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரைக்கும்.

இனி உம்முடைய முக்கியமான கேள்வி: குதிரை தானாக விலகினால்?

விசாரணை அறையில் ஜொக்கிமார் முதலில் சொல்வதும் இதைத்தான். "எனக்குக் கீழே சாய்ந்துவிட்டது, ஐயா." ஸ்டுவர்ட்மாருக்கும் இது தெரியும். களைத்த குதிரை சாயும். நிழலைக் கண்டு மிரளும். ஜனக்கூட்டத்தின் சத்தத்துக்கு ஒதுங்கும். அதனால் குதிரை சாய்ந்ததா என்பதோடு கேள்வி நிற்பதில்லை. சாயத் தொடங்கின பிறகு நீ என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் ஜொக்கியின் கைகளில் தெரியும்.

நான் கண்ட மாதிரியில் ஒரு விசாரணையைச் சொல்கிறேன். மேசைக்குப் பின்னால் மூன்று ஸ்டுவர்ட்மார். சுவரில் திரை. இரண்டு ஜொக்கிமார் சேறு தெறித்த பட்டுச்சட்டையோடு நிற்கிறார்கள், மூச்சு இன்னும் முழுதாக ஆறவில்லை. அடுத்த ஓட்டத்துக்கு அரை மணித்தியாலம் இருக்கிறது. தலைமை ஸ்டுவர்ட் முதலில் பக்கவாட்டுக் கெமராவின் படத்தைப் போடுகிறார். அதில் எல்லாம் அழகாகத்தான் தெரியும், ஒன்றுக்கொன்று முட்டின மாதிரியே இராது. பிறகு நேரெதிர்க் கெமராவின் படம். குதிரைகள் நம்மை நோக்கி வருகிற படம் அது. விலகல் அதில்தான் தெரியும். ஓரிடத்தில் நிறுத்துகிறார்.

"இங்கே உமது சவுக்கு எந்தக் கையில்?"

"வலக்கையில், ஐயா."

"குதிரை எந்தப் பக்கம் நகருகிறது?"

"இடப்பக்கம், வேலியை நோக்கி."

மெல்பேர்ணில் ஓட்டம் இடப்பக்கம் திரும்பும், உள்வேலி இடது கையில். வலக்கையால் அடித்தால் குதிரை அடிக்கு விலகி இடப்பக்கந்தான் போகும். படம் மெதுவாக நகருகிறது. ஒரு அடி. இன்னொரு அடி. உள்ளே இருக்கும் குதிரையின் தலை மேலே தூக்குகிறது. அதன் ஜொக்கி எழும்பி நின்று கடிவாளத்தை இழுக்கிறான். பிறகும் ஒரு அடி விழுகிறது.

இந்தக் கடைசி அடியோடு வழக்கு முடிந்துவிடும். அவன் முதல் சாய்விலேயே அடியை நிறுத்தி, சவுக்கை இடக்கைக்கு மாற்றி, வலக் கடிவாளத்தை இழுத்து நிமிர்த்தப் பார்த்திருந்தால், குதிரை அதற்குப் பிறகும் சாய்ந்திருந்தாலும் அவன் மேல் குற்றம் வந்திராது. அப்படியானால் ஸ்டுவர்ட்மார் குதிரையைத்தான் பார்ப்பார்கள். மோசமாகச் சாய்கிற குதிரை இன்னொரு பரீட்சை ஓட்டத்தில் நேராக ஓடிக் காட்டும் வரை பந்தயத்துக்கு வரக்கூடாது என்று கட்டளை போடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. குதிரையின் பிழை குதிரையின் கணக்கில்தான் எழுதப்படும். ஜொக்கியின் கணக்கில் எழுதப்படுவது அவன் செய்யாமல் விட்டது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் சென்னைக் கிண்டிப் பந்தயம் பற்றிய வழக்கில் குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டல்ல, திறமை சார்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குக் காட்டிய காரணங்களில் ஒன்று ஜொக்கியின் திறமை. திறமைக்குப் பெயரும் பணமும் வாங்குகிறவன் அந்தத் திறமையைப் பயன்படுத்தாமல் விட்டதற்குப் பதில் சொல்வதும் நியாயந்தானே.

எல்லாக் குழப்பத்துக்கும் நகர்ந்தவன்தான் குற்றவாளி என்றும் நினைக்கக்கூடாது. இல்லாத இடைவெளிக்குள் தலையை நுழைத்துவிட்டு "என்னை அடைச்சிட்டான்" என்று முறையிடும் ஜொக்கிமாரும் உண்டு. முக்கால் குதிரை அகல இடத்துக்குள் போனவன், அந்த இடம் மூடியபோது யாரையும் குறை சொல்ல முடியாது. வெளியே இருந்து ஒருவன் உள்ளே தள்ள, அவனால் தள்ளப்பட்டவன் மூன்றாமவனை இடிப்பதும் உண்டு. அப்போது படத்தைப் பின்னோக்கி ஓட்டித் தொடக்கம் யாரிடம் என்று தேடுவார்கள். இருவரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்திருந்தால் ஒருவருக்கும் தண்டனையில்லாமல், "இன்னும் கவனமாக ஓடு" என்ற எச்சரிக்கையோடு முடியும். அந்த எச்சரிக்கையும் அன்றைய அறிக்கையில் பெயரோடு வரும்.

தண்டனையை எப்படி அளக்கிறார்கள்? விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் இரண்டிலும் இதற்கு ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள். கவனக்குறைவு குறைந்ததா, நடுத்தரமா, கூடியதா என்று முதலில் பார்ப்பார்கள். மற்றக் குதிரைக்கு என்ன நடந்தது என்பது அடுத்தது: ஒரு எட்டுத் தவறியதா, கடிவாளம் இழுபட்டதா, விழுந்ததா? பிறகு ஜொக்கியின் பழைய பதிவு, அவன் அடிக்கடி மாட்டுகிறவனா என்று. குற்றத்தை ஒப்புக்கொண்டால் கொஞ்சம் குறையும். பெரிய ஓட்டமென்றால் கூடும். ஹொங்கொங்கில் கிழமைக்கு இரண்டு நாள்தான் பெரும்பாலும் ஓட்டம், அதனால் அங்கே நாளைக் கணக்கிடாமல் ஓட்ட நாட்களைக் கணக்கிட்டுத் தடை போடுவார்கள். தடையோடு பெரிய அபராதமும் சேர்ந்து வருவது அங்கே வழக்கம்.

தடை என்பதும் தகுதிநீக்கம் என்பதும் ஒன்றல்ல. தடை வாங்கினவன் பந்தயத்தில் ஏற முடியாது, ஆனால் காலைப் பயிற்சியில் குதிரை ஓட்டலாம். தகுதிநீக்கம் ஆனவன் பந்தயத் திடலுக்குள்ளோ லாயத்துக்குள்ளோ காலே வைக்க முடியாது. கவனக்குறைவுக்கு இரண்டாவது வராது. தடையும் பெரும்பாலும் அன்றைக்கே தொடங்காது, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட குதிரைகளில் அவன் ஏறுவதற்கு அவகாசம் விடுவார்கள். பிரித்தானியாவில் 14 நாள் கழித்துத்தான் தொடங்கும். நான் மேலே சொன்ன சூமியோன் முழங்கையால் இடித்த இரண்டாம் நாளே பாரிஸ் நகரில் ஆர்க் என்ற பெரிய ஓட்டத்தில் ஏறி இரண்டாவதாக வந்தார். அது பலருக்கும் வயிற்றெரிச்சல், எனக்கும்தான். ஒரு நாட்டில் வாங்கிய தடையை மற்ற நாடுகளும் மதிக்கும், அதனால் விமானம் ஏறித் தப்ப முடியாது. மேன்முறையீடு உண்டு. விக்டோரியாவில் 2019இலிருந்து அதற்குத் தனி நியாயசபையே இருக்கிறது.

இனி ஓட்டத்தின் முடிவு. இங்கேதான் உலகம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அவுஸ்திரேலியா, பிரித்தானியா, ஹொங்கொங், இந்தியா எல்லாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த இடைஞ்சல் இல்லாதிருந்தால் பாதிக்கப்பட்ட குதிரை இடைஞ்சல் செய்ததை முந்தியிருக்குமா? முந்தியிருக்கும் என்று ஸ்டுவர்ட்மாருக்குத் திருப்தியானால்தான் இடம் மாறும். இல்லையென்றால் ஜொக்கிக்குத் தண்டனை, குதிரையின் இடம் அப்படியே. ஜப்பான் 2013இலும், பிரான்சும் ஜேர்மனியும் 2018இலும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. அமெரிக்காவும் கனடாவும் பழைய வழியில் நிற்கின்றன. இடைஞ்சலால் இன்னொரு குதிரைக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடம் போனது என்றாலே போதும், அந்தக் குதிரைக்குப் பின்னால் இறக்கிவிடுவார்கள்.

ஒரே ஜொக்கியின் இரண்டு ஓட்டத்தை வைத்தே இது விளங்கும். 2015 மெல்பேர்ண் கிண்ணத்தில் மிஷேல் பெய்ன் பிரின்ஸ் ஒஃப் பென்சான்ஸ் என்ற குதிரையில் வென்றார், அந்தக் கிண்ணத்தை வென்ற முதற்பெண். இரண்டாவது வந்தது நான் சொல்லவந்த ஜொக்கி ஃபிராங்கி டெற்றோரி ஏறிய மக்ஸ் டைனமைற். கவனக்குறைவுக்காக டெற்றோரிக்கு ஒரு மாதத் தடையும் 20,000 டொலர் அபராதமும் கிடைத்தன. குதிரையின் இரண்டாமிடம் அப்படியே இருந்தது. 2019இல், உம்முடைய மாமா அனுப்பிய ஓட்டத்தில், அதே டெற்றோரி மாஸ்டர் ஒஃப் ரியாலிற்றியில். வவ் அன்ட் டிக்ளேயர் முதலாவது, இவர் இரண்டாவது, பிரின்ஸ் ஒஃப் அரன் மூன்றாவது, இல் பரடீசோ நாலாவது, நாலும் நெருக்கமாக. முடிவுக் கோட்டை நெருங்கும்போது மாஸ்டர் ஒஃப் ரியாலிற்றி நகர்ந்து இல் பரடீசோவின் வழியை இறுக்கியது. இல் பரடீசோ பக்கத்தார் ஆட்சேபித்தார்கள். இவ்வளவு சின்ன வித்தியாசத்தில், இறுக்கம் இல்லாதிருந்தால் அது முந்தியிருக்கும் என்று ஸ்டுவர்ட்மார் முடிவெடுத்தார்கள். விதிப்படி குற்றம் செய்த குதிரை பாதிக்கப்பட்ட குதிரைக்கு உடனே பின்னால் போக வேண்டும். அதனால்தான் நாலாமிடம். இல் பரடீசோ மூன்றாவதுக்கும், ஒன்றும் செய்யாமல் ஓடிய பிரின்ஸ் ஒஃப் அரன் இரண்டாவதுக்கும் ஏறின. டெற்றோரிக்குத் தடை தனியாக வந்தது.

அதே 2019 மே மாதம் அமெரிக்காவின் கென்ரக்கி டேர்பியில் மக்சிமம் செக்கியூரிற்றி முதலாவது வந்தது, ஒன்றே முக்கால் நீளத்தில். திருப்பத்தில் அது வெளியே சாய்ந்து பல குதிரைகளைக் குழப்பியிருந்தது. ஸ்டுவர்ட்மார் ஏறக்குறைய 22 நிமிடம் படம் பார்த்து, பாதிக்கப்பட்ட லோங் ரேஞ்ச் ரொடிக்குப் பின்னால் 17ஆம் இடத்துக்கு இறக்கினார்கள். பந்தயங்கட்டுவோர் கணக்கில் 65க்கு 1 என்றிருந்த கன்ட்ரி ஹவுஸ் வென்றதாக அறிவித்தார்கள். ஓட்டத்தில் செய்த இடைஞ்சலுக்காக டேர்பி வெற்றியாளர் ஒருவர் இறக்கப்பட்டது அதுவே முதற்தடவை. ஜொக்கி லூயிஸ் சயஸுக்கு 15 நாள் தடை. உரிமையாளர் நீதிமன்றம் போனார், அங்கேயும் எடுபடவில்லை. இதே ஓட்டம் மெல்பேர்ணில் நடந்திருந்தால் மக்சிமம் செக்கியூரிற்றி வென்றதாகவே இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். லோங் ரேஞ்ச் ரொடி அதை முந்தியிருக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

மாட்டுச் சவாரிக்கு என்ன எடுக்கலாம் என்றும் கேட்டிருந்தீர். சாரதி கேட்டியால், அதாவது மாடு ஓட்டும் தடியால், அடித்தானா, நாணயக் கயிற்றை எந்தப் பக்கம் இழுத்தான், மாடுகள் அடுத்த வண்டியின் பாதைக்குள் எப்போது போயின என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லவே முடியாது. முடிவுக் கோட்டுக்குப் பின்னால் கொஞ்சம் உயரத்தில் ஒரு ஃபோனைக் கட்டி, வண்டிகள் நேரே வருகிற படத்தை எடுத்து வையுங்கள். அதை மத்தியஸ்தர்கள் இரு பக்கத்தாரோடும் சேர்ந்து பார்க்க வேண்டும். இரு சாரதிகளும் பேசி முடிக்கும் வரை ஆதரவாளர்கள் வெளியே நிற்க வேண்டும். தீர்ப்பையும் காரணத்தையும் அன்றைக்கே எழுதி ஒட்ட வேண்டும். அவுஸ்திரேலிய ஸ்டுவர்ட்மாரின் அறிக்கை அன்றிரவே வெளிவரும், எந்த மீற்றரில் எந்தக் குதிரை எப்படி நகர்ந்தது என்று வரிவரியாக இருக்கும். தோற்றவனும் அதை வாசித்துவிட்டுத்தான் வாதாட வேண்டியிருக்கும். பந்தயக்காரர் அந்தத் தீர்ப்புகளை ஏற்றுக்கொள்வதற்கு, ஸ்டுவர்ட்மார் பிழையே விடமாட்டார்கள் என்ற நம்பிக்கையைவிட இந்த வெளிப்படைத்தன்மைதான் காரணம்.

எனக்கு இந்த முறையில் ஒரு குறை உண்டு, அது பெரிய குறை. அவுஸ்திரேலியாவில் ஜொக்கிக்குப் பரிசுப் பணத்தில் 5 வீதம். மெல்பேர்ண் கிண்ணம் மாதிரி ஓட்டத்தில் அது ஒரு வீட்டுக் காசு. இடம் மாறாது என்று தெரிந்தால், கடைசி 200 மீற்றரில் இறுக்கமாகப் போய் வென்றுவிட்டுப் பிறகு இரண்டு கிழமை வீட்டில் இருக்கலாம் என்று ஒரு ஜொக்கி கணக்குப் போட இடமிருக்கிறது. அதற்காக அமெரிக்க வழியை நான் ஏற்கவில்லை. பந்தயங்கட்டினவர்களையும் குதிரையை வளர்த்தவர்களையும் அது ஜொக்கியின் பிழைக்காகத் தண்டிக்கிறது. பெரிய ஓட்டத்தில் நடுத்தரத்துக்கு மேற்பட்ட கவனக்குறைவு என்று கண்டால், ஜொக்கியின் அந்த 5 வீதத்தை முழுதாக எடுத்து விழுந்து காயப்பட்ட ஜொக்கிமாரின் நிதிக்குப் போட வேண்டும். அடுத்த வருடம் அதே ஓட்டத்தில் அவனை ஏறவும் விடக்கூடாது.